மியாமி: ஒரு அகதி நகரத்தின் நேற்று, இன்று, நாளை

எங்கள் விடுதியில் தளத்துக்கு இரண்டு பேரிடமாவது சே குவேரா படம் போட்ட டி-சர்ட் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு சென்னையில் எங்கு வேண்டுமானாலும் சுற்றலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அமெரிக்காவில் ஒரு நகரம் இருக்கிறது. அங்கே அதே சட்டையோடு நடந்தால், வயதான யாராவது வழிமறித்துச் சண்டைக்கே வரக்கூடும். "இவர்கள்தான் என் வீட்டைப் பறித்தவர்கள், என் அண்ணனைச் சிறையில் போட்டவர்கள்" என்று சொல்ல அந்த ஊரில் ஆயிரக்கணக்கானோர் உண்டு.

அந்த ஊர்தான் மியாமி. கியூபப் புரட்சியைப் பற்றி நாம் ஒரு பக்கத்துக் கதையைத்தான் அதிகம் கேட்டிருக்கிறோம். மறுபக்கம் எப்படி இருக்கும் என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நேற்று

மியாமி பழைய ஊர் ஒன்றும் இல்லை. ஜூலியா டட்டில் என்ற பெண்மணி தன் நிலத்தில் ஒரு பகுதியைத் தருவதாகச் சொல்லி, ஹென்றி பிளாக்லர் என்ற ரயில் முதலாளியை அங்கே தண்டவாளம் போட வைத்தார். 1896-ல் ரயில் வந்தது, அதே ஆண்டில் நகரமும் பிறந்தது.

புளோரிடாவின் தென்முனையான கீ வெஸ்ட் தீவிலிருந்து கியூபா வெறும் 90 மைல்தான். அதனால் 1959-க்கு முன்பே கியூப அரசியல்வாதிகளுக்கு மியாமிதான் புகலிடம். 1933-ல் விரட்டப்பட்ட அதிபர் மச்சாடோவும், 1952-ல் ஆட்சியை இழந்த அதிபர் பிரியோவும் இங்கேதான் வந்தார்கள். இருவரின் கல்லறையும் மியாமியின் ஒரே இடுகாட்டில் இருக்கின்றன!

1959 ஜனவரி 1-ஆம் தேதி பட்டிஸ்டா ஓடினார், பிடல் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தார். முதலில் வெளியேறியவர்கள் பட்டிஸ்டாவின் ஆட்கள். பிறகு நிலமும் ஆலைகளும் பறிபோன பணக்காரர்கள், அப்புறம் மருத்துவர்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள். 1960 இறுதியிலிருந்து 1962 வரை 14,000-க்கும் அதிகமான குழந்தைகளைப் பெற்றோர் தனியாகவே விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். 'ஆபரேஷன் பீட்டர் பான்' என்று அதற்குப் பெயர். சில மாதங்களில் பின்னாலேயே வந்துவிடலாம் என்று நினைத்தார்கள். பல குடும்பங்கள் ஒன்று சேர வருடங்கள் ஆயின.

1925-ல் ஒரு பத்திரிகை அலுவலகமாகக் கட்டப்பட்ட 17 மாடிக் கோபுரம் ஒன்று மியாமியில் உண்டு. 1962 முதல் 1974 வரை அதுதான் கியூப அகதிகளின் வரவேற்பு மையம். பெயர் பதிவதும், மருத்துவப் பரிசோதனையும், உதவித் தொகையும், உணவுப் பொருளும் அங்கேதான். இன்றும் அதற்குச் 'சுதந்திரக் கோபுரம்' என்றே பெயர். 1966-ல் கியூபர்களுக்கென்றே ஒரு தனிச் சட்டம் வந்தது. அமெரிக்க மண்ணில் அனுமதிக்கப்பட்டு, குறிப்பிட்ட காலம் தங்கினால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வேறு நாட்டவருக்கு இப்படி ஒரு கதவு திறப்பது அரிது.

ஏன் இவர்களுக்கு? அது பனிப்போர் காலம். கம்யூனிசத்தை விட்டு ஓடிவரும் ஒவ்வொருவரும் அமெரிக்காவுக்கு ஒரு விளம்பரம்.

1980 என்ற ஆண்டு

மியாமியின் கதையில் திருப்புமுனை 1980. அந்த வருடம் ஏப்ரலில், விரும்புகிறவர்கள் மரியேல் துறைமுகம் வழியாகப் போகலாம் என்றார் காஸ்ட்ரோ. சில மாதங்களில் சுமார் 1,25,000 பேர் படகுகளில் வந்து இறங்கினார்கள். அவர்களோடு சிறைக் கைதிகள் சிலரையும் சேர்த்து அனுப்பியதால், வந்த எல்லோருக்கும் கெட்ட பெயர். முன்பே வந்து வசதியாகிவிட்ட கியூபர்களே 'மரியேலிட்டோ' என்ற சொல்லை வசவாகப் பயன்படுத்தினார்கள்.

அதே ஆண்டு மே மாதம், ஆர்தர் மக்டஃபி என்ற கறுப்பினத்தவரை அடித்துக் கொன்ற வழக்கில் போலீஸ்காரர்கள் விடுதலையானார்கள். நகரம் பற்றி எரிந்தது, 18 பேர் இறந்தார்கள். தலைமுறைகளாக இருக்கும் எங்களுக்கு இல்லாத உதவி, நேற்று வந்தவர்களுக்கா என்ற கோபமும் அந்த நெருப்பில் இருந்தது. அதே காலத்தில் ஹைத்தியிலிருந்து படகில் வந்த கறுப்பின மக்களைத் தடுத்து வைத்தார்கள், 1981 முதல் நடுக்கடலிலேயே திருப்பியும் அனுப்பினார்கள். ஒரே கடல், ஒரே மாதிரிப் படகு. நியாயம் மட்டும் இரண்டு!

நவம்பரில், அரசுப் பணத்தை ஆங்கிலம் தவிர வேறு மொழிக்குச் செலவிடக் கூடாது என்று மாவட்ட மக்கள் வாக்களித்தார்கள். அது 1993-ல்தான் நீக்கப்பட்டது. ஆனால் அதற்குள் காலம் மாறியிருந்தது. 1985-லேயே கியூபாவில் பிறந்த சேவியர் சுவாரெஸ் மியாமியின் மேயராகிவிட்டார்.

இன்று

2020 கணக்கெடுப்பில் மியாமியின் மக்கள்தொகை 4,42,241. பத்தில் ஏழு பேர் ஸ்பானிய வழியினர். 'லிட்டில் ஹவானா'வின் எட்டாம் தெருவில் பெரியவர்கள் டாமினோ ஆடுவதை இன்றும் பார்க்கலாம். ஆனால் அதே பகுதியில் நிகரகுவா, ஹோண்டுராஸ் குடும்பங்களும் இப்போது ஏராளம்.

திறந்த கதவு மெல்ல மெல்ல மூடியது. 1994-ல் 30,000-க்கும் அதிகமானோர் டயர் ட்யூபிலும் பலகையிலும் கடலில் இறங்கினார்கள். அதன் பிறகு, கரையைத் தொட்டவர் தங்கலாம், கடலில் பிடிபட்டவர் திரும்ப வேண்டும் என்ற 'ஈரக்கால், உலர்கால்' விதி வந்தது. 2017 ஜனவரியில் அதுவும் முடிந்தது. 2023-ல் தொடங்கிய தற்காலிக அனுமதித் திட்டத்தை டிரம்ப் அரசு 2025 மார்ச்சில் ரத்து செய்ய, மே மாதம் உச்ச நீதிமன்றமும் வழிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2024 தேர்தலில் மியாமி மாவட்டம் டிரம்புக்குத்தான் வாக்களித்தது. பழைய கியூபர்களில் பெரும்பாலோர் அவர் பக்கம். புதிதாக வந்த கியூபர்களோ நாடு கடத்தப்படுவோமா என்று பயந்துகொண்டிருக்கிறார்கள். 1980-ல் நடந்தது வேறு உருவில் திரும்பியிருக்கிறது.

நாளை

இன்னொரு பிரச்சினை கடல். மியாமி நுண்துளை நிறைந்த சுண்ணாம்புப் பாறை மேல் இருப்பதால், சுவர் கட்டினாலும் தண்ணீர் அடியிலிருந்து ஊறி வரும். 2017-ல் 40 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் சம்மதித்தார்கள். அதில் ஏறத்தாழ பாதி கடல்மட்ட உயர்வைச் சமாளிக்கத்தான். ஒரு காலத்தில் கடற்கரையில் இடம் கிடைக்காத ஏழைகள் குடியேறிய லிட்டில் ஹைத்தி, லிட்டில் ஹவானா போன்ற பகுதிகள் சற்று மேடானவை. இப்போது அங்கே வீட்டு விலையும் வாடகையும் ஏறுகின்றன. அகதியாக வந்து ஊரை உருவாக்கியவர்களை, இந்த முறை வாடகை வெளியேற்றலாம்.

காஸ்ட்ரோவின் ஆட்சியில் அவர்கள் இழந்தது பொய்யில்லை. உழைத்து முன்னேறியதும் பொய்யில்லை. ஆனால் அவர்கள் வந்தபோது ஒரு கோபுரத்தின் கதவு திறந்திருந்தது என்பதும் உண்மை. உழைப்பு எல்லா அகதிகளிடமும் இருக்கிறது, கதவுதான் எல்லோருக்கும் திறப்பதில்லை. மியாமியின் நாளை, அந்தக் கதவை அவர்கள் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த டி-சர்ட்டை நான் தூக்கி எறியப் போவதில்லை. ஆனால் இனி போடும்போது அந்த 14,000 குழந்தைகளின் நினைவும் வரும்.