வீட்டிலிருந்தே உலகோடு பேசலாம்: ஆண்டுக்கணக்கில் நிலைக்கும் அமெச்சூர் வானொலி

மேசையில் ஒரு வானொலிக் கருவி, அதற்கு மின்சாரம் தர ஒரு பேட்டரி, சன்னல் வழியே வெளியே போகும் ஒரு கம்பி. இவ்வளவு இருந்தால் வீட்டில் இருந்தபடியே ஜப்பானிலோ ஐரோப்பாவிலோ இருப்பவருடன் தொடர்புகொள்ளலாம். இடையில் இணையமும் இல்லை, தொலைபேசி நிறுவனமும் இல்லை. ‘ஹேம் ரேடியோ’ என்று பலரும் அறிந்த அமெச்சூர் வானொலி, நூறாண்டுகளுக்கும் மேலாக நிலைத்து நிற்கும் பொழுதுபோக்கு. அனைத்துலக அமெச்சூர் வானொலி ஒன்றியம் 1925ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி பாரிசில் தோன்றியது. அந்த நாளே உலக அமெச்சூர் வானொலி தினமாக ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது.

ஆயினும், தொடங்குவோர் எல்லாரும் தொடர்வதில்லை. ஆர்வத்தோடு உரிமம் எடுத்து, கையடக்கக் கருவி ஒன்றை வாங்கி, சில மாதங்களில் அதை அலமாரியில் வைத்துவிடுவோரும் உண்டு. இந்தப் பொழுதுபோக்கு வீட்டில் பல ஆண்டுகள் நிலைக்க வேண்டுமானால், சிலவற்றை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

உரிமமே முதல் படி

மலேசியாவில் இதற்கான தேர்வும் உரிமமும் எம்சிஎம்சி எனப்படும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் பொறுப்பில் உள்ளன. தேர்வில் வெற்றி பெற்று உரிமம் பெறுபவருக்கு ‘அழைப்புக் குறி’ வழங்கப்படும். தீபகற்ப மலேசியாவில் ‘பி’ வகுப்பினரின் குறி ‘9டபிள்யூ2’ என்றும் ‘ஏ’ வகுப்பினரின் குறி ‘9எம்2’ என்றும் தொடங்கும். ‘ஏ’ வகுப்பினருக்குக் கூடுதல் அலைவரிசைகளும் கூடுதல் ஆற்றலும் அனுமதிக்கப்படுகின்றன.

நாட்டின் முதல் விண்வெளி வீரர் டத்தோ டாக்டர் ஷேக் முஸாபார் ஷுக்கோருக்கும் ‘9டபிள்யூ2எம்யுஎஸ்’ என்ற அழைப்புக் குறி உண்டு. முன்னாள் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் உரிமம் பெற்ற வானொலியாளரே.

இணையக் கடைகளில் சில நூறு ரிங்கிட்டுக்குள் கருவி கிடைக்கிறது என்பதற்காக, உரிமம் இன்றி அதில் பேசுவது 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றமாகும். உரிமம் பெற்றவரும் இதை வணிகத்திற்குப் பயன்படுத்தக் கூடாது.

தேர்வுக்குப் படிக்கும் காலத்திலேயே காதைப் பழக்கிக்கொள்ளலாம். நெதர்லாந்தின் டுவென்டே பல்கலைக்கழகம் தனது வானொலி வாங்கியை இணையம் வழி அனைவருக்கும் திறந்துவிட்டுள்ளது. கைப்பேசியிலேயே அதைக் கேட்கலாம். இரைச்சலுக்கு இடையே வரும் குரல்களைப் பொறுமையாகக் கேட்க முடிகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஏன் சலித்துப் போகிறது?

பெரும்பாலோர் தொடங்குவது 144 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கும் கையடக்கக் கருவியோடு. அந்த அலைகள் நேர்க்கோட்டில் செல்பவை. குன்றின் மேல் உள்ள ‘ரிப்பீட்டர்’ நிலையம் அவற்றை வாங்கி மறுபடியும் ஒலிபரப்புவதால், வட்டார நண்பர்களோடு பேச முடிகிறது. அதே குரல்கள், அதே நலம் விசாரிப்பு என்று ஆனபின் ஆர்வம் குறைவது இயல்பு.

3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலைப் பகுதி அப்படிப்பட்டதன்று. பூமிக்கு மேலே உள்ள அயனி மண்டலம் அந்த அலைகளைத் திருப்பி அனுப்புவதால் அவை கண்டம் விட்டுக் கண்டம் செல்கின்றன. கருவிக்குச் சில ஆயிரம் ரிங்கிட் ஆகலாம். பழைய கருவியை நம்பகமானவரிடம் வாங்கினால் செலவு குறையும். கருவியை விட ஆன்டெனாவே முக்கியம் என்பது அனுபவசாலிகள் சொல்லும் முதல் பாடம்.

வீட்டின் நீளமும் கம்பியின் நீளமும்

‘டைபோல்’ எனப்படும் எளிய ஆன்டெனா, அலைநீளத்தில் பாதி அளவுள்ள கம்பி. 7 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீட்டர், 14 மெகாஹெர்ட்ஸுக்கு 10 மீட்டர், 28 மெகாஹெர்ட்ஸுக்கு 5 மீட்டர் கம்பி தேவைப்படும். நம் தாமான்களில் உள்ள வரிசை வீட்டு மனைகள் பல 70 அடி நீளம் கொண்டவை. அது ஏறத்தாழ 21 மீட்டர். வாசலிலிருந்து பின்கட்டு வரை கம்பியை இழுத்தால் 7 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனா அடங்கிவிடும்.

அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. பால்கனியில் வைக்கக்கூடிய, ஒரு மீட்டர் அகல வளைய ஆன்டெனா அவர்களுக்குக் கைகொடுக்கும். நிர்வாகத்தின் அனுமதியை முதலிலேயே கேட்டுவிடுவது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும். எந்த ஆன்டெனாவும் மின்கம்பிகளுக்கு அருகே இருக்கக் கூடாது.

நம் நாட்டில் இடிமின்னல் அதிகம். வானம் இருண்டால் ஆன்டெனாக் கம்பியைக் கருவியிலிருந்து கழற்றிவிட வேண்டும். பேசாத நேரங்களில் எப்போதும் கழற்றியே வைப்பது அதைவிடப் பாதுகாப்பானது.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் இரைச்சல்

‘எதுவும் கேட்கவில்லை, வெறும் இரைச்சல்தான்’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். மலிவான எல்இடி விளக்குகள், கைப்பேசி சார்ஜர்கள், சூரிய மின்தகடுகளின் இன்வெர்ட்டர் ஆகியவை வானொலி இரைச்சலை உண்டாக்கக் கூடியவை.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கருவியை 12 வோல்ட் பேட்டரியில் இயக்கி, வீட்டின் மெயின் சுவிட்சைச் சற்று நேரம் அணைக்க வேண்டும். இரைச்சல் குறைந்தால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்தால் எது என்பது தெரிந்துவிடும். ஒரு சார்ஜரை மாற்றியதாலேயே பல நாடுகள் கேட்கத் தொடங்குவதுண்டு.

வீட்டாரின் பொறுமையும் கணக்கில் சேரும். இரவில் உரக்கப் பேசினால் யாரும் தூங்க முடியாது. காதொலிப்பானோடு மோர்ஸ் பழகலாம். அல்லது கணினி வழி ‘எஃப்டி8’ முறையைப் பயன்படுத்தலாம். 2017இல் வெளிவந்த இம்முறையில் குறுஞ்செய்திகள் 15 வினாடிக்கு ஒரு முறை மாறி மாறிச் செல்லும். சிறிய ஆன்டெனாவுக்கும் ஏற்றது. இதை உருவாக்கியவர்களில் ஒருவர், 1993ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோசப் டெய்லர்.

சூரியனோடு சேர்ந்த பொழுதுபோக்கு

7 மெகாஹெர்ட்ஸில் பகலில் அண்டை வட்டாரம் கேட்கும். பொழுது சாய்ந்தபின் தொலைதூரம் திறக்கும். ‘வியூ’ என்று தொடங்கும் இந்திய நிலையங்களும் ‘4எஸ்’ என்று தொடங்கும் இலங்கை நிலையங்களும் அப்போது காதில் விழலாம். 28 மெகாஹெர்ட்ஸ் இதற்கு நேர்மாறு. அது பகல் நேரத்துக்கு உரியது.

இவை அனைத்தும் ஏறத்தாழ 11 ஆண்டுகள் நீளும் சூரியச் சுழற்சியைப் பொறுத்து மாறும். 2019 டிசம்பரில் தொடங்கிய இப்போதைய சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டியதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. உச்சத்தில் குறைந்த ஆற்றலோடும் 28 மெகாஹெர்ட்ஸில் உலகைச் சுற்றலாம். சுழற்சி இறங்கும்போது அந்த அலைவரிசை பல நாள்கள் அமைதியாகிவிடும். 7, 14 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளே துணை நிற்கும். இதை அறியாதவர் கருவி பழுதென்று நினைப்பார். அறிந்தவர் அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருப்பார்.

பொழுதுபோக்கு கைகொடுத்த நாள்

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான இந்திய வானொலியாளர் குழு ஒன்று அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்தது. அரிதாகக் கேட்கும் தீவுகளிலிருந்து உலகோடு பேசுவதே அவர்களின் நோக்கம். 26ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கித் தொலைத்தொடர்பு அறுந்தபோது, அதே நிலையம் தீவுகளின் செய்திகளைத் தாய்நிலத்திற்குக் கொண்டு சேர்த்தது.

கருவி மட்டும் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. எந்த நேரத்தில் எந்த அலைவரிசை எங்கே எட்டும் என்பதை நாள்தோறும் பழகியவர்கள் அங்கே இருந்தார்கள். வெள்ளத்தில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் செயலிழப்பதைக் கண்டிருக்கும் நம் நாட்டுக்கும் இது பொருந்தும்.

தொடங்க விரும்புவோர், மார்ட்ஸ் எனப்படும் மலேசிய அமெச்சூர் வானொலிச் சங்கத்தையோ தங்கள் வட்டாரக் குழுவையோ அணுகலாம். அனுபவமுள்ள ஒருவரின் வீட்டு நிலையத்தை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டுக் கருவி வாங்குவது பணத்தை மிச்சப்படுத்தும். உரிமம் கிடைத்த நாளிலிருந்தே தேதி, நேரம், அலைவரிசை, கேட்ட நிலையம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருவதும் அவசியம். நாளுக்கு இருபது நிமிடம் போதும். ஓராண்டு சென்றபின் அந்த நோட்டைப் புரட்டினால், தம் வீட்டுக் கூரையிலிருந்து உலகின் எந்தப் பகுதி எப்போது எட்டும் என்பதை அதுவே சொல்லும்.