கைக்கோடும் கணினியும்: இரண்டு கட்டடங்கள் சொல்லும் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

"எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே வரைந்துவிடுகிறது. பிள்ளை ஏன் சார் பென்சிலும் நோட்டுமாக உட்கார வேண்டும்?" என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்கு அறிவுரையாகப் பதில் சொல்வதைவிட வரலாறாகச் சொல்வது நல்லது என்று நினைக்கிறேன்.

முதலில் ஆஸ்திரேலியா. சிட்னி நகரில் ஓர் இசை அரங்கம் கட்டப் போட்டி வைத்தார்கள். 233 வடிவமைப்புகள் வந்தன. 1957 ஜனவரியில் பரிசு பெற்றவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஜோர்ன் உட்சன். அப்போது அவருக்கு வயது 38. பாய்மரம் விரித்ததுபோல் எழும் கூரைகளைக் கையால் வரைந்து அனுப்பியிருந்தார். பார்த்தவர்கள் மயங்கினார்கள். ஆனால் அந்த வளைவுகளுக்குக் கணக்கு கிடையாது. வட்டமா, நீள்வட்டமா, பரவளையமா என்று கேட்டால் படத்தில் விடை இல்லை.

விடை இல்லாமலேயே 1959 மார்ச்சில் கட்டுமானம் தொடங்கிவிட்டது! ஓவ் அரூப் நிறுவனத்தின் பொறியாளர்கள் பரவளையம், நீள்வட்டம் என்று ஒவ்வொன்றாக முயன்றார்கள். ஆண்டுகள் ஓடின. ஒவ்வொரு கூரைக்கும் ஒவ்வொரு வளைவு என்றால் ஒவ்வொரு துண்டுக்கும் தனி அச்சு செய்ய வேண்டும். கட்டுப்படியாகுமா?

1961இல் உட்சன் ஒரு வழி கண்டார். எல்லாக் கூரைகளையும் ஒரே கோளத்திலிருந்து வெட்டி எடுத்த துண்டுகளாக வைத்துக்கொள்வது. கோளத்தின் ஆரம் சுமார் 75 மீட்டர். பழைய ரப்பர் பந்து ஒன்றை எடுத்து எந்த இடத்தில் வெட்டினாலும் துண்டுகளின் வளைவு ஒன்றாகவே இருக்கும், இல்லையா? அதே தத்துவம்தான். ஒரே மாதிரி அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி கான்கிரீட் துண்டுகளை வார்க்க முடிந்தது. கூரை தாங்குமா என்ற கணக்கைப் போட அக்காலத்துக் கணினிகள் உதவின. வடிவத்தைத் தேடிக் கண்டது மனித மூளை.

ஆனால் அதற்குள் செலவும் காலமும் எல்லை மீறியிருந்தன. புதிதாக வந்த மாநில அரசோடு மோதல் முற்றி 1966இல் உட்சன் விலகி நாடு திரும்பினார். 70 லட்சம் டாலரில் முடியும் என்ற கட்டடம் 10 கோடியே 20 லட்சம் டாலரை விழுங்கியது. 1973இல் திறப்பு விழா நடந்தபோது அவர் அங்கில்லை. 2008இல் இறக்கும்வரை, முழுமையடைந்த தன் கட்டடத்தை அவர் நேரில் பார்க்கவே இல்லை. எனக்கு இன்றும் மனதை உறுத்தும் செய்தி இது. அரசியலுக்கும் அவசரத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. அதோடு, கை வரைந்த வளைவை அளவாக மாற்றித் தரும் கருவி அன்றைக்கு இல்லை என்பதும் ஒரு காரணம்.

அந்தக் கருவி வேறு இடங்களில் உருவாகிக்கொண்டிருந்தது. 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லண்ட் என்ற 24 வயது ஆராய்ச்சி மாணவர் 'ஸ்கெட்ச்பேட்' என்ற மென்பொருளை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையில் கோணல்மாணலாக ஒரு நாற்கரம் வரையலாம். 'இந்தப் பக்கங்கள் சமம், இவை இணை' என்று கட்டளை கொடுத்தால் கணினி அதைச் சீராக்கிவிடும். தோராயம் மனிதனுடையது, துல்லியம் இயந்திரத்துடையது.

பிரான்சில் கார் தயாரிப்பாளர்களுக்கும் இதே தலைவலி. ஓவியர் கையால் வளைத்த கோட்டைத் தகட்டில் கொண்டுவருவதற்குள் வடிவம் மாறிவிடும். சிட்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்டல்ஜோவும், ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியேவும் தனித்தனியாக ஒரே தீர்வுக்கு வந்தார்கள். சில புள்ளிகளைக் குறித்துவிட்டால் போதும், அவற்றைக் கொண்டு முழு வளைகோட்டையும் கணக்கிடலாம். சிட்ரோயன் தன் கண்டுபிடிப்பை வெளியே விடவில்லை. அதனால் 'பெசியே வளைகோடு' என்ற பெயரே நிலைத்தது. இந்தப் பதிவில் நீங்கள் படிக்கும் 'ஐ', 'ணு' போன்ற எழுத்துகளின் சுழிகளும் அத்தகைய வளைகோடுகளாகத்தான் உங்கள் செல்பேசியில் இருக்கின்றன.

அடுத்து ஸ்பெயின். பில்பாவோ நகரில் குகன்ஹைம் அருங்காட்சியகத்தை வடிவமைத்தவர் ஃபிராங்க் கெரி. அவருடைய படங்களைப் பார்த்தால் குழந்தை கிறுக்கியது போலிருக்கும். தாளிலிருந்து பேனாவை எடுக்காமல் இழுத்த கோடுகள். அதைப் பார்த்து மரத்திலும் காகிதத்திலும் மாதிரிகள் செய்வார்கள். திருப்தி வரும்வரை பிய்த்துப் பிய்த்து ஒட்டுவார்கள். அதன் பிறகுதான் கணினி வரும். மாதிரியின் மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளவெடுத்து, பிரான்சின் தஸ்ஸோ நிறுவனம் விமானங்களுக்காக உருவாக்கிய 'கேட்டியா' மென்பொருளில் ஏற்றினார்கள். எஃகுச் சட்டங்களும், சுமார் 33,000 டைட்டானியத் தகடுகளும் அந்த அளவுகளின்படி வெட்டப்பட்டன. 1997 அக்டோபரில் கட்டடம் திறக்கப்பட்டது. செலவு மதிப்பீட்டைத் தாண்டவில்லை. கெரியோ தாம் கணினியில் வரைந்தவரே இல்லை!

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிட்னியின் கோடும் கையால் பிறந்தது, பில்பாவோவின் கோடும் கையால் பிறந்தது. நாற்பது ஆண்டு இடைவெளியில் மாறியது, கோட்டுக்கும் கொத்தனாருக்கும் நடுவே இருந்த பாலம் மட்டுமே.

முதல் கோடு ஏன் தாளில் இருக்க வேண்டும்? கணினியில் ஒரு கோடு போட்டால் அதற்கு உடனே நீளமும் கோணமும் வந்துவிடும். முடிந்துபோன வேலை போலத் தெரியும். பென்சில் கோடு அப்படியில்லை. 'இப்படியும் இருக்கலாம்' என்று சந்தேகத்தோடு நிற்கும். ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு கோடு போட்டுவிட்டு, எது சரி என்று பிறகு யோசிக்கலாம். வகுப்பறையில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இலையின் நரம்பைப் பார்த்து வரைந்த மாணவன் அதை மறப்பதில்லை. அச்சிட்ட படத்தை ஒட்டியவன் மறுவாரமே மறந்துவிடுகிறான்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைக்குக் கணினி வரைகலை தாராளமாகக் கற்றுக்கொடுங்கள். உட்சனுக்குக் கிடைக்காத வசதி அது. கூடவே ஒரு கோடில்லாத நோட்டும் இரண்டு பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். 'படம் அழகாக இல்லையே' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கெரியின் கிறுக்கல்களும் அழகான படங்கள் அல்ல.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்னும் கையால் வரைகிறார்களா? கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.