நகர் வனமும் கோயில்காடும்: புதுக்கோட்டையை முன்வைத்து

புதுக்கோட்டை 2024-இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. மாநகரம் ஆன ஊர் தன் விளிம்பில் பொதுமக்களுக்கான பெரிய காடு ஒன்றை விரும்புவது இயல்பே. அதற்கான அரசு வழியும் இருக்கிறது. ஒன்றிய அரசு 2020-இல் அறிவித்த நகர் வனத் திட்டம், நகருக்குள்ளோ நகரை ஒட்டியோ 10 முதல் 50 ஹெக்டேர் பரப்பில் வனம் அமைக்க நிதி தருகிறது. ஆனால் எந்தக் காடு, யாருடைய விதிகளின்படி என்ற இரு கேள்விகளுக்குத் திட்டத்தால் மட்டும் விடை கிடைக்காது. முதல் கேள்விக்கான விடை முழுவதும், இரண்டாவதற்கான விடையில் பாதியும் இம்மாவட்டத்தின் கோயில்காடுகளில் உள்ளன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மண்ணுக்குரிய காடு

வடகிழக்குப் பருவமழையை நம்பி, ஆண்டில் பாதிக்குமேல் வறட்சியைத் தாங்கி, இலை உதிராமல் நிற்கும் குட்டையான அடர்காடு இந்தியாவில் சோழமண்டலக் கரையோரத்துக்கே உரியது. 1968-இல் வனவியலாளர்களான சாம்பியனும் சேத்தும் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இதை 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' எனத் தனி வகையாக வைத்தனர். உழவும் குடியிருப்பும் பரவியபின் அதன் எச்சங்கள் பெரும்பாலும் தெய்வத்தின் பெயரில் விடப்பட்ட துண்டுகளிலேயே, அதாவது கோயில்காடுகளிலேயே தங்கின. புதுக்கோட்டை மாவட்டத்தின் அரையப்பட்டி, மரமடக்கி போன்ற ஊர்களின் காடுகளைப் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பதிவுசெய்துள்ளனர்.

இக்காடுகளுள் ஒன்றில் நுழைந்தால் முதலில் தெரிவது உயரமின்மை. வீரை, காசா, பாலை, குருந்து ஆகியவை தடித்த தோல்போன்ற இலைகளோடு நெருங்கி நிற்க, கொடிகள் ஒன்றையொன்று பின்னிக் கிடக்கும். நிமிர்ந்து நடக்க வழியிருக்காது. பூங்கா வடிவமைப்பாளரின் கண்ணுக்கு இது வெறும் புதர். சூழலியலாளருக்கோ, பறவைகள் பழம் தின்று விதை பரப்ப, தண்ணீர் ஊற்றுவார் இன்றித் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் அமைப்பு. இம்மரங்கள் மெதுவாக வளர்பவை. ஆகவே ஓரிரு ஆண்டில் பசுமை காட்ட வேண்டிய திட்டங்களின் நாற்றங்கால்களில் இவற்றுக்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. நட்ட கன்றுகளின் எண்ணிக்கையைக் காட்டின் அளவுகோலாகக் கொள்ளும் வரை இந்நிலை மாறாது.

தைலமரம் தந்த பாடம்

காடு என்ற பெயரில் மரத்தோட்டம் வளர்த்ததன் விளைவை இம்மாவட்டம் நன்கறியும். புதுக்கோட்டை மாவட்டம் உருவான அதே 1974-இல் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் அமைந்தது. காகித ஆலைகளுக்கான மரக்கூழ்த் தேவைக்காக இங்குள்ள வனநிலங்களில் தைலமரம் பெரும்பரப்பில் நடப்பட்டது. சில ஆண்டு சுழற்சியில் வெட்டப்படும் ஒரே இன மரங்களின் கீழ் புதர் அடுக்கும் பழந்தரும் செடிகளும் செழிப்பதில்லை. தோட்டத்தில் மழைநீரைத் தேக்க எழுப்பும் வரப்புகளும் குழிகளும் கண்மாய்க்குப் போகும் வரத்து வாரிகளை மறிக்கின்றன என்பது உழவர்களின் நெடுநாள் முறையீடு.

மானாவாரியும் கண்மாய்ப் பாசனமும் சார்ந்த மாவட்டத்தில் காட்டின் மதிப்பை அது நிற்கும் இடத்தில் மட்டும் வைத்து அளக்க முடியாது. வாரி வழியே கண்மாய்க்குச் சேரும் நீரும் அந்தக் கணக்கில் வர வேண்டும். நகர் வனத்துக்கு இடம் தேர்வதிலும் இதே அளவுகோல் பொருந்தும். மரம் இல்லாத நிலமெல்லாம் 'தரிசு' அல்ல. அது ஒரு கண்மாயின் நீர்ப்பிடிப்பாக இருக்கலாம், ஆடுமாடுகளின் மேய்ச்சல் தரையாகவும் இருக்கலாம். அதற்கு மாறாக, வெட்டு முடிந்த தைலமரத் தோட்டத்தையே நாட்டுக் காடாக மீட்டால் யாருடைய மேய்ச்சலும் பறிபோகாது.

திடலும் அடர்காடும்

பொதுமக்கள் வந்துபோகும் காடு காடாகவே எப்படி நீடிக்கும்? சென்னை கிண்டி இதற்குத் தரும் விடை மூடிய வேலி. ஆளுநர் மாளிகை வளாகத்தின் பகுதியாக இருந்து 1978-இல் தேசியப் பூங்காவான சுமார் 270 ஹெக்டேர் நிலம், பொதுமக்கள் நுழைவு மட்டுப்படுத்தப்பட்டதால்தான் நகரத்தின் நடுவே தப்பியது. கோயில்காடு வேறொரு விடையை வைத்திருக்கிறது. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில், வில்லுனி ஆற்றங்கரைப் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலில், மாசிமகத்தன்று ஏறத்தாழ 33 அடி உயரக் குதிரைச் சிலை காகிதப்பூ மாலைகளால் மூடப்படுகிறது. பல்லாயிரம் பேர் திரளும் விழா அது. ஆனால் கூட்டம் நிற்பது சிலை முன்னுள்ள திறந்த வெளியில்தான்.

கோயில்காடுகளின் பொது அமைப்பே இதுதான்: முன்னே பொங்கலும், மண்குதிரைகளைக் காணிக்கையாக்கும் புரவி எடுப்பும் நடக்கும் திடல், பின்னே யாரும் புகாத அடர்வு. சுள்ளியும் ஒடிக்கக்கூடாது, விழுந்த கட்டை கோயில் அடுப்புக்கு மட்டுமே என்னும் வழக்கங்கள் அந்த எல்லையைக் காக்கின்றன. நகர் வனத்திலும் நடைபாதை, இருக்கை, விளையாட்டிடம் ஆகியவற்றை ஒரு பக்கத் திடலில் குவித்து, எஞ்சிய பெரும்பகுதியைப் பாதையே போடாத அடர்காடாக விடலாம்.

யாருக்குத் திறந்த காடு?

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கோயில்காடு பொதுவெளி அன்று. முதல் மரியாதையும் சாதி வரிசையும் அதன் விதிகளுள் அடங்கும் என்பது அம்மறுப்பு. இதை ஒதுக்கிவிட முடியாது. 2022 டிசம்பரில் இறையூர் அய்யனார் கோயிலுக்குள் பட்டியலின மக்களை மாவட்ட நிர்வாகமே அழைத்துச்சென்று வழிபடச் செய்ய வேண்டியிருந்தது. சில காடுகளில் பெண்களுக்கும் தடை உண்டு. மேலும் தெய்வ அச்சம் காட்டின் எல்லாப் பகையையும் தடுப்பதில்லை. கோயில் பெரிதாகிக் கான்கிரீட் மண்டபம் எழும்போது, பக்தியே மரங்களை அகற்றும் காரணமாகிவிடுவதும் உண்டு.

எனவே கோயில்காட்டிலிருந்து கடன் வாங்க வேண்டியவை மரவினங்களும் இட அமைப்பும் சுயக்கட்டுப்பாட்டு நெறியும் மட்டுமே. நுழைவுரிமையும் நிர்வாகமும் சட்டத்தின்வழி வர வேண்டும். அதற்குச் சட்டத்தில் இடமுண்டு. ராஜஸ்தானின் 'ஓரண்' எனும் தெய்வக்காடுகள் பற்றிய வழக்கில் 2024 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், அவற்றை அளந்து வரைபடமாக்கவும், வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சமூகக் காப்பகங்களாக அறிவிக்கவும் வழிகாட்டியது. தமிழ்நாட்டிலும் 2025-இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரக்கோயில் காடு, ஐந்து ஹெக்டேருக்குச் சற்றுக் குறைவான பரப்பே ஆயினும், பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது.

புதுக்கோட்டைக்கு இதிலிருந்து மூன்று கடமைகள் பிறக்கின்றன: எஞ்சிய கோயில்காடுகளை அளந்து பதிவுசெய்தல், அவற்றின் வீரையையும் காசாவையும் விதையெடுத்து நாற்றங்கால் அமைத்தல், வெட்டு முடிந்த தைலமர நிலமொன்றில், எல்லாச் சாதியினரும் பெண்களும் இடம்பெறும் நிர்வாகக் குழுவின்கீழ் நகர் வனத்தைத் தொடங்குதல். இந்த வரிசை முக்கியம். மூன்றாவதை முதலில் செய்தால், விதை இல்லாத குறையால் நாற்றங்காலில் எளிதாகக் கிடைக்கும் கன்றுகளே மீண்டும் நடப்படும். மாநகராட்சிக்கு இன்னொரு பூங்கா கிடைக்கும், காடு கிடைக்காது.