மலையேறிய புகையிரதமும் மாணவன் கணக்கும்

ஒப்பமான கப்பியொன்றின் மேலாக இலேசான இழையொன்று செல்கிறது. அதன் இரு முனைகளிலும் இரு திணிவுகள் தொங்குகின்றன. ஆர்முடுகலையும் இழையின் இழுவையையும் காண்க. பௌதிகவியலின் வாயிலில் மாணவனை எதிர்கொள்ளும் வினா இது. இங்கிலாந்தின் ஜோர்ஜ் அட்வூட் 1784இல் வெளியான தமது நூலில் விவரித்த பொறியே இவ்வினாவின் மூலம். ஆயின், உராய்வற்ற கப்பியை ஊவாத் தோட்டத்துப் பிள்ளை எங்கே கண்டது? அது கண்டவை இரண்டு: பதுளைக்கு இறங்கிவரும் புகையிரதம், தாயின் தலையிற் கயிற்றால் தொங்கும் கொழுந்துக் கூடை.

இலங்கையிற் புகையிரதம் மலையேறியது முதன்மையாகத் தோட்ட விளைபொருளுக்காகவே. முதலிற் கோப்பியும் பின்னர் தேயிலையும் கொழும்புத் துறைமுகத்தை விரைந்து அடைய வேண்டியிருந்தது. 1867இல் கண்டியையும், 1885இல் நானுஓயாவையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டிய பாதை, பதுளையை அடைந்தது 1924இலேதான். இக்கடைசித் துண்டின் கடுமையைக் கணக்கே உரைக்கும். பண்டாரவளைக்கும் பதுளைக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 570 மீற்றர். மலைப்பாதையின் சரிவு 44க்கு 1 என்னும் எல்லையைத் தாண்டலாகாது. எனவே பாதையின் நீளம் 25 கிலோமீற்றருக்குக் குறைய வழியில்லை. நேர்வழியே இறங்க இடமின்மையால் பாதை மலைகளைச் சுற்றிற்று. தெமோதரையிலோ அது ஒரு முழு வளையமிட்டு, தன் நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினூடே செல்கிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைக் கண்டே பொறியியலாளருக்கு இவ்யோசனை பிறந்ததென்று ஒரு கதை வழங்குகிறது. உழைப்பாளியின் கையிலும் அறிவுண்டு என்னும் மக்கள் நம்பிக்கை அக்கதையில் வாழ்கிறது.

இனி நம் வினாவைத் தண்டவாளத்தில் ஏற்றுவோம். 22,000 கிலோகிராம் திணிவுள்ள பெட்டிகள் இரண்டை ஓர் எஞ்சின் இச்சரிவில் மேலே இழுக்கிறது. உராய்வை விடுப்போம், புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொள்வோம். பெட்டிகளின் மொத்த நிறை 440,000 நியூட்டன். அதில் 44இல் ஒரு பங்கான 10,000 நியூட்டன் அவற்றைப் பின்னோக்கி இழுக்கும். எஞ்சினின் கொளுவியில் இழுவை 14,400 ஆயின், மிகுதி 4,400. ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் 0.1 மீற்றர். இரு பெட்டிகளுக்கும் இடையிலுள்ள கொளுவியிலோ இழுவை 7,200 மட்டுமே. ஏனெனில் அது பின்பெட்டியை மாத்திரம் இழுக்கிறது. எங்கே எவ்வளவு பாரம் என்பதை அறிய, அந்த இடத்துக்குப் பின்னால் தொங்குவது யாது என்று கேட்டாற் போதும்.

இக்கேள்வியைக் கேட்கும் கல்வி தோட்டத்துக்கு வந்ததெப்போது? நாட்டில் இலவசக் கல்வி 1945இல் மலர்ந்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970களின் பிற்பகுதிவரை பெருமளவு தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை ஆரம்ப வகுப்புகளுடன் முடிந்தன. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. வாக்கில்லாதவனின் பிள்ளைக்கு ஆய்வுகூடம் கேட்பார் யார்? தேயிலையை இறக்கப் பாதை அமைத்த வேகம், அதைக் கிள்ளியோரின் பிள்ளைகளைக் கல்வியில் ஏற்றுவதிற் காணப்படவில்லை.

தமிழ் பயின்ற நாம், விஞ்ஞான ஆசிரியர் இல்லாக் குறையால் ஒரு தவணை இப்பாடத்தையும் நடத்த நேர்ந்தது. கப்பியை விடுத்துக் கூடையை எடுத்தோம். கூடையும் கொழுந்தும் 15 கிலோகிராம்; நிறை 150 நியூட்டன். கயிற்றின் இரு பக்கங்களும் நேராகத் தொங்கினால் ஒவ்வொன்றிலும் இழுவை 75. தாய் அசையாது நிற்கிறாள், ஆர்முடுகல் பூச்சியம். கயிறு தாங்குமா என்று வினவினோம். தாங்கும் என்றனர் எல்லோரும். பின்வரிசைச் சிறுமி மட்டும் எழுந்தாள்: “சேர், கழுத்து தாங்குமா?”

கயிற்றின் இழுவை இரண்டாய்ப் பிரிந்தது. கழுத்துக்கோ முழு 150உம் வந்து சேர்ந்தது. நாம் கரும்பலகையில் வரைந்த படத்திற் கழுத்து இருக்கவில்லை. அன்று அதை அவளே வந்து வரைந்தாள்.