சமவலுத் தடை

சமவலுத் தடை என்பது மின்சுற்றொன்றின் இரு முனைகளுக்கிடையே அமைந்த தடையிகளின் தொகுதிக்குப் பதிலாக, அதே அழுத்த வித்தியாசத்தில் அதே மின்னோட்டத்தைச் செல்லவிடும் தனித்தடையின் பெறுமானமாகும். அலகு: ஓம்.

கணித்தல்: தொடரிணைப்பில் இது தனித்தடைகளின் கூட்டுத்தொகை. சமாந்தர இணைப்பில் இதன் தலைகீழ்ப் பெறுமானம், தனித்தடைகளின் தலைகீழ்ப் பெறுமானங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். எனவே கிளைகளுள் மிகச் சிறிய தடையிலும் இது குறைவு. சமநிலையிலுள்ள வீட்ஸ்டன் பாலத்தில் நடுத்தடையூடாக மின்னோட்டம் பாயாததால் அதை நீக்கிக் கணிக்கலாம். ஏனைய சிக்கலான வலைகளுக்கு டெல்டா–ஸ்டார் மாற்றமும் கிர்க்கோஃப் விதிகளும் பயன்படும்.

வரலாறு: கேயோர்க் ஓம் 1827இல் வெளியிட்ட நூலும் குஸ்தாவ் கிர்க்கோஃப் 1845இல் வகுத்த விதிகளும் இதன் அடிப்படை. தெவெனின் தேற்றம் (1883) மின்முதல்கள் கொண்ட வலைகளுக்கும் இக்கருத்தை விரித்தது.

பயன்பாடு: திருகோணமலைத் துறைமுகம் போன்ற கடலோரச் சூழலில் உப்பீரத்தால் அரிக்கப்பட்ட இணைப்புகள் தொடர்த்தடையாகச் செயற்படுகின்றன. 12 வோல்ற்று மின்கலவடுக்குடன் சமாந்தரமாக இணைத்த, தலா 6 ஓம் கொண்ட இரு விளக்குகளின் சமவலுத் தடை 3 ஓம்; மின்னோட்டம் 4 அம்பியர். மின்கலவடுக்கு முனையில் 1 ஓம் அரிப்புத்தடை சேர்ந்தால் மொத்தம் 4 ஓம் ஆகும். விளக்குத் தடை மாறாதெனக் கொள்ள, மின்னோட்டம் 3 அம்பியராகவும் விளக்குகளின் அழுத்த வித்தியாசம் 9 வோல்ற்றாகவும் குறையும்.

இலங்கையில் இது க.பொ.த. உயர்தரப் பௌதிகவியல் பாடத்திட்டத்தில் இடம்பெறுகிறது.