கடவுச்சொல் வலிமைமானிகள்: ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

புதிய கணக்கு தொடங்கும்போது கடவுச்சொல் பெட்டியின் கீழ் ஒரு பட்டை சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும் பச்சைக்கும் மாறும். ‘வலுவற்றது’, ‘வலுவானது’ என்று தீர்ப்பும் வரும். இந்தத் தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்? திருடுபவன் எப்படி ஊகிப்பான் என்பது பற்றி ஒவ்வொரு மானிக்குள்ளும் ஓர் அனுமானம் இருக்கிறது. அந்த அனுமானம் சரியாக இருக்கும் அளவுக்குத்தான் தீர்ப்பும் சரியாக இருக்கும். 1979 முதல் இன்றுவரை அது மாறிவந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அந்த வரலாறு நேர்கோட்டில் செல்லவில்லை. தொடக்கத்தில் கண்டறிந்த உண்மை இணையக் காலத்தில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, பெருங்கசிவுகளுக்குப் பிறகே மீட்கப்பட்டது.

சொற்பட்டியலின் காலம் (1979–1993)

பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் யூனிக்ஸ் பயனர்களின் கடவுச்சொற்களை ஆராய்ந்து 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 15 ஒரே ஓர் எழுத்தால் ஆனவை. 72 இரண்டு எழுத்து. 464 மூன்று எழுத்து. இவற்றோடு மற்றக் குறுகிய சொற்களையும், அகராதிகளிலும் பெயர்ப்பட்டியல்களிலும் கிடைத்தவற்றையும் சேர்த்தால், மொத்தத்தில் 86 விழுக்காடு எளிதில் சிக்கக்கூடியவை என்பது அவர்கள் கண்ட முடிவு.

1988 நவம்பரில் இணையத்தைத் தாக்கிய புழு நிரலில் 432 சொற்கள் கொண்ட பட்டியல் இருந்தது. முதலில் பயனர் பெயரையும் அதன் திரிபுகளையும், பிறகு அந்தப் பட்டியலையும் அது கடவுச்சொல்லாக முயன்றது. அதை எழுதியவர் மேற்சொன்ன மாரிஸின் மகன். 1990இல் டேனியல் கிளைன் ஏறத்தாழ 14,000 கணக்குகளைச் சோதித்து, அவற்றில் கால்பங்கின் கடவுச்சொற்களை ஊகித்துக் காட்டினார்.

இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் தேர்வு செய்யும்போதே சோதிக்கும் முறை. கடவுச்சொல் உடைக்கும் ‘கிராக்’ நிரலை எழுதிய அலெக் மஃபெட், அதே உத்திகளைக் காவலுக்குத் திருப்பி ‘கிராக்லிப்’ நிரலகத்தை உருவாக்கினார். திருடன் கையிலுள்ள பட்டியலில் இந்தச் சொல் இருக்கிறதா என்பதே அது எழுப்பிய கேள்வி.

பிட் கணக்கின் காலம் (2004–2009)

2004இல் அமெரிக்கத் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதன் பிற்சேர்க்கை கடவுச்சொல்லின் வலிமையைப் பிட்களில் (ஒரு பிட் கூடினால் தேவைப்படும் ஊகங்கள் இரட்டிக்கும்) மதிப்பிடக் கற்றுத்தந்தது. ஆங்கில உரைநடையில் அடுத்த எழுத்தை ஊகிப்பது எவ்வளவு கடினம் என்று கிளாட் ஷானன் செய்த ஆய்வே அதற்கு அடிப்படை. முதல் எழுத்துக்கு 4 பிட், அடுத்த ஏழுக்குத் தலா 2, ஒன்பதாவது முதல் இருபதாவது வரை தலா 1.5. பெரிய எழுத்தும் எழுத்தல்லாத குறியும் கலந்திருந்தால் கூடுதலாக 6 பிட்.

இதை ஓர் எடுத்துக்காட்டில் பார்க்கலாம். ‘பாஸ்வேர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தைப் பெரியதாக்கி, இறுதியில் 1 சேர்த்தால் ஒன்பது குறிகள். கணக்குப்படி 4 + 14 + 1.5 + 6 = 25.5 பிட். யாரும் எண்ணிப் பார்க்காத வேறொன்றைப் பயனர் தேர்ந்திருந்தாலும், நீளமும் கலவையும் ஒன்றானால் மதிப்பும் அதே 25.5தான். உலகமே முதலில் முயலும் சொல்லையும் அரிய சொல்லையும் இந்த அளவுகோலால் வேறுபடுத்த முடியாது. அகராதிச் சோதனைக்கும் பிற்சேர்க்கை தனி மதிப்பெண் தந்தது உண்மையே. ஆனால் இணையதளங்கள் கைக்கொண்டது எண்ணும் பகுதியை. எழுத்து வகைகளை எண்ணச் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் போதும். அகராதியை உலாவிக்குள் ஏற்றுவது செலவு. அந்த வழிகாட்டியை எழுதிய பில் பர், அதில் பலவற்றுக்காக வருந்துவதாக 2017இல் வெளிப்படையாகக் கூறினார்.

ஊக எண்ணிக்கையின் காலம் (2009–2016)

2009 டிசம்பரில் ராக்யூ நிறுவனத்திலிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் மறைகுறியாக்கமின்றி அப்படியே கசிந்தன. முதலிடம் பிடித்தது 123456; 2.9 லட்சம் பேர் அதையே வைத்திருந்தார்கள். பெருந்திரள் மக்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு முதன்முறையாக நேரடிச் சான்று கிடைத்தது. 2010இல் மாட் வீரும் உடன் ஆய்வாளர்களும் இத்தகைய கசிவுகளைத் தாக்கிப் பார்த்து, நிஸ்டின் பிட் கணக்கு உண்மையான பாதுகாப்பைக் காட்டவில்லை என்று நிறுவினர். பெரிய எழுத்து வேண்டும் என்றால் மக்கள் அதை முதலில் வைக்கிறார்கள். எண் வேண்டும் என்றால் இறுதியில் வைக்கிறார்கள். அந்த வழக்கம் தாக்குபவனுக்கும் தெரியும்.

தாக்குபவனின் வேகமும் வளர்ந்தது. 25 வரைகலைச் செயலிகளை இணைத்த ஓர் அமைப்பு, விண்டோஸின் என்டிஎல்எம் ஹாஷுக்கு (கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமிக்கும் வடிவம்) எதிராக நொடிக்கு 35,000 கோடி ஊகங்களைச் செய்வது 2012இல் காட்டப்பட்டது. எட்டுக் குறிகளால் அமையக்கூடிய எல்லாக் கடவுச்சொற்களையும் ஆறு மணி நேரத்துக்குள் அது முயன்றுவிடும்.

அதே ஆண்டு டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் டேன் வீலர் புதிய மானியை வெளியிட்டார். விசைப்பலகையின் கீழ்வரிசையிலுள்ள முதல் ஆறு எழுத்துகளே அதன் பெயர். எத்தனையாவது ஊகத்தில் சிக்கும் என்று அது மதிப்பிட்டது. பரவலான கடவுச்சொற்கள், பெயர்கள், தேதிகள், விசைப்பலகைக் கோலங்கள், எழுத்துக்குப் பதில் எண் இடும் வழக்கம் ஆகியவற்றை அது அடையாளம் கண்டது. கிராக்லிப்பின் பழைய கேள்வி மீண்டும் மையத்துக்கு வந்தது. 2016இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஊக எண்ணிக்கையை மதிப்பிடும் நரம்பியல் வலையமைப்பைச் சில நூறு கிலோபைட்டுக்குள் சுருக்கி உலாவியிலேயே இயங்கச் செய்தனர்.

மானிகளைச் சோதித்த ஆய்வுகள்

மாண்ட்ரியாலின் கான்கார்டியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 11 பெரிய சேவைகளின் மானிகளை ஒப்பிட்டு 2014இல் வெளியிட்ட முடிவு முக்கியமானது. மேலே கணக்கிட்ட அதே ஒன்பது குறிக் கடவுச்சொல்லை டிராப்பாக்ஸ் ‘மிக வலுவற்றது’ என்றது. யாகூ ‘மிக வலுவானது’ என்றது. 2018இல் போஹும் நகரின் ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 45 மானிகளைச் சோதித்தபோதும் குறைகள் பெரிதும் நீங்கியிருக்கவில்லை. எழுத்து வகைகளை எண்ணியவை பின்தங்கின. ஊகத்தை மதிப்பிட்டவை முன்னிலை பெற்றன.

இருப்பினும் மானி பயனற்றதல்ல. 2,931 பேரைக் கொண்டு 2012இல் செய்த ஆய்வில், எளிதில் பாராட்டாத கண்டிப்பான மானிகளைக் கண்டவர்கள் இன்னும் நீளமான கடவுச்சொற்களை அமைத்தனர். முக்கியமெனக் கருதும் கணக்குக்கே இந்த விளைவு உண்டு, மற்றவற்றில் மக்கள் மானியைப் பொருட்படுத்துவதில்லை என்று அடுத்த ஆண்டு மற்றோர் ஆய்வு திருத்தியது.

தட்டச்சிட்டது எங்கே போகிறது?

மதிப்பீடு சரியாக இருந்தாலும் மானி நம்பத்தக்கதாகிவிடாது. 2016 மார்ச்சில் சிஎன்பிசி செய்தி நிறுவனம் தன் தளத்தில் வாசகர்களுக்காக ஒரு மானியை வைத்தது. உள்ளிட்ட கடவுச்சொல் மறைகுறியாக்கமற்ற இணைப்பில் சென்று கூகுள் விரிதாளுக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும் அனுப்பப்படுவதை வல்லுநர்கள் கண்டனர்; அது அகற்றப்பட்டது. இதற்கு நேரெதிர், பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹன்ட் நடத்தும் கசிவுச் சோதனைச் சேவை. அங்கே கடவுச்சொல்லின் ஹாஷில் உள்ள 40 குறிகளில் முதல் ஐந்து மட்டுமே வெளியே செல்கின்றன. அந்த ஐந்தில் தொடங்கும் கசிந்த ஹாஷ்களின் பட்டியல் திரும்பி வர, ஒப்பீடு நம் கணினியிலேயே நடக்கிறது.

மொழியின் எல்லை

வீலர் மானியின் அகராதிகள் ஆங்கில விக்கிப்பீடியா, அமெரிக்கத் தொலைக்காட்சி, திரைப்பட வசனங்கள், அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பெயர்கள் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றில் இல்லாத ஊர்ப்பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ ஒரு தமிழர் ரோமன் எழுத்தில் உள்ளிட்டால், பட்டியலில் சிக்காத பகுதியைத் தாறுமாறான எழுத்துகளாக எண்ணி மானி மதிப்பைக் கூட்டிவிடும். தமிழரைக் குறிவைப்பவன் அந்தப் பெயர்களைத்தான் முதலில் முயல்வான்.

முடிவுரை

மானியின் இரு தீர்ப்புகளும் சம மதிப்புடையவை அல்ல. பட்டியலில் கண்டதால் ‘வலுவற்றது’ என்று சொல்லும்போது அதன் பின்னே சான்று இருக்கிறது. ‘வலுவானது’ என்றால், தன் பட்டியலில் அகப்படவில்லை என்பதற்கு மேல் அதற்குத் தெரியாது. 2017இல் நிஸ்ட், பெரிய எழுத்தும் எண்ணும் வேண்டும் என்பன போன்ற கலவை விதிகளைக் கைவிட்டு, கசிந்த சொற்களின் பட்டியலோடு ஒப்பிடுமாறு கூறியது. கடவுச்சொல் மட்டுமே காவலாக உள்ள இடத்தில் குறைந்தது 15 குறிகள் வேண்டும் என்று 2025இல் வரையறுத்தது. எனவே உண்மையான கடவுச்சொல்லைப் பிறர் தளத்தில் சோதிக்காமல், கடவுச்சொல் மேலாளர் நிரலைக் கொண்டு தற்போக்காக உருவாக்கிக்கொள்வதே தகும். ஒரே சொல்லை நாம் பல தளங்களில் வைத்திருக்கிறோமா என்பது எந்த மானிக்கும் தெரியாது. அவற்றுள் ஒன்று கசிந்தால், 20 எழுத்து நீளமும் காப்பாற்றாது.