விறைப்பு மருந்தின் சமூக வரலாறு: ஒரு குறிப்பு

வேர்க்கால்வாய்ச் சிகிச்சையில் எந்த விறைப்பு மருந்து சிறந்தது என்பதை மருத்துவருக்கு மட்டுமே உரிய வினாவாகக் கொள்வது வழக்கம். ஆயின் மருந்தின் வரலாறு உற்பத்தியின் வரலாறுமாகும். அந்தீஸ் மலை உழைப்பாளர் பசியடக்க மென்ற கொக்கா இலையிலிருந்து பெறப்பட்ட கொக்கெயினை, 1884இல் வியன்னாவின் கார்ல் கொல்லர் கண்ணை விறைக்கச் செய்யப் பயன்படுத்தினார். 1905இல் ஜெர்மனியின் புரோக்கெயின் வந்தது. 1943இல் சுவீடனில் லோஃப்கிரென் லிக்னோகெயினை ஆக்கினார்.

அழற்சியுற்ற பற்கூழைச் சூழ்ந்த இழையம் அமிலத்தன்மை பெறுகையில், மருந்து நரம்பினுட் புகுவது குன்றுகிறது. ஆயினும் கீழ்க் கடைவாய்ப்பல் எளிதில் விறைக்காமையை இது மட்டும் விளக்குவதில்லை. 1976இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த ஆர்ட்டிக்கெயின், நரம்புத்தடை ஊசியாக லிக்னோகெயினைப் பெரிதும் விஞ்சுவதில்லை. தடை தவறியபின் பல்லருகே ஏற்றும் துணை ஊசியாகவே அதன் மேன்மை தெளிவாகிறது.

இவ்வொப்பீடு எவருக்குப் பயன்படுகிறது? 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கிய பேராசிரியர் சேனக பிபிலே, வணிகப் பெயர்களை விலக்கிப் பொதுப்பெயரில் மருந்து வாங்கச் செய்தமை இவ்வினாவின் பாற்பட்டதே. விலை குறைந்தது, வேர்க்கால்வாய்ச் சிகிச்சையோ ஊசியோடு முடிவதன்று. அதற்கு எக்ஸ்-கதிர்ப் படம் வேண்டும், பெரும்பாலும் மீண்டும் மீண்டும் வருகை வேண்டும். கொட்டியாரக் குடாவின் தெற்கே, 2006 போரில் மக்கள் இடம்பெயர்ந்த ஈச்சிலம்பற்றில், நாட்கூலி இழந்து பலமுறை பயணஞ்செய்ய இயலாதவருக்குப் பல்லைப் பிடுங்குவதே ஒருநாட் காரியம். அதற்கு லிக்னோகெயினே போதும்.